போட்டி என்னும் புதிய தலைவிதி

ஏழை ஏன் ஏழையாயிருக்கிறான் என்று கேட்டால், "அவன் தலையெழுத்து" என்றனர் அன்று. எழுதியவன் யார், எழுதுகோல் எவன் கையில் என்று திருப்பிக் கேட்டோம் நாம். இன்று, ஆயிரக்கணக்கானோரை ஆலை வாயிலுக்கு வெளியே தள்ளிவிட்டு, "எங்கள் கையில் என்ன இருக்கிறது? போட்டி அப்படி!" என்று கைவிரிக்கின்றனர் முதலாளிமார். தோழர்களே, பஞ்சாங்கத்தை வீசிவிட்டுக் கணக்கேட்டை ஏந்தி வந்திருக்கிறது அதே தலைவிதி!

அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்ட்ரிக் என்றொரு நிறுவனம். மின்விளக்கு முதல் விமான எஞ்சின் வரை செய்து விற்ற வணிகப் பேரரசு. 1981-இல் அதன் தலைமைப் பீடமேறினார் ஜாக் வெல்ச். மூழ்கும் கப்பலையா அவர் ஏற்றார்? இல்லை. 1980-ஆம் ஆண்டின் நிகர இலாபம் மட்டும் ஏறத்தாழ 150 கோடி டாலர்! ஆயினும், நாளைய போட்டிக்கு இன்றே ஆளைக் குறைக்க வேண்டும் என்றார். 1980 இறுதியில் 4,11,000 பேர். 1985 இறுதியில் 2,99,000 பேர். விற்கப்பட்ட பிரிவுகளோடு போனோர் ஒரு பகுதி, பெரும்பகுதியினர் வேலையிழந்தோர். கட்டடத்தை விட்டுவைத்து மனிதரை மட்டும் மாய்ப்பது நியூட்ரான் குண்டு. 'நியூட்ரான் ஜாக்' என்றே பட்டப்பெயர் சூட்டினர் அவருக்கு!

பின்னர், ஆண்டுதோறும் கடைசிப் பத்து விழுக்காட்டினரைக் கழித்துக்கட்டும் முறையும் வந்தது. நானோ பள்ளி ஆசிரியன். நாற்பது பிள்ளைகளில் கடைசி நால்வரை ஆண்டுதோறும் விரட்டினால், என் வகுப்பின் சராசரி மதிப்பெண் உயரும்தான். அதற்குப் பெயர் கல்வியா? நாற்பதின்மரும் நன்றாகவே தேறினாலும், கடைசி நால்வர் என்று எவரேனும் இருந்துதானே தீர்வர்!

"நிறுவனமே மாண்டால் எல்லோர் பிழைப்பும் போகுமே" என்பர். நியாயமான கேள்விதான்; தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அதே நாட்டில், கிளீவ்லாந்து நகரில், பற்றவைப்புக் கருவிகள் செய்யும் லிங்கன் எலெக்ட்ரிக் 1958 முதல் தன் நிலையான தொழிலாளர்க்கு வேலையுறுதி அளித்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் மந்தம் வந்து விற்பனை சரிந்தபோது, அது அவர்களை விரட்டவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தது. ஆலைத் தொழிலாளர் சிலரை ஊர் ஊராகச் சென்று விற்பனை செய்ய அனுப்பிற்று. அந்த நிறுவனம் அழிந்துவிடவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கோ 2024-க்குள் மூன்றாக உடைந்தது. உடைவு முழுவதும் வெல்ச் ஒருவரால் என்று கூறேன். எனினும், ஆட்குறைப்பே அழியாவரம் என்ற பேச்சு அங்கேயே பொய்த்தது.

எனவே, "போட்டி" என்ற சொல் காதில் விழுந்ததும் கைகட்டி நிற்பானேன்? பங்காதாயம் குறைந்ததா? மேலாளர் ஊதியம் குறைந்ததா? இருக்கும் வேலையைப் பகிர்ந்து பார்த்தீரா? கணக்கேட்டைத் தொழிற்சங்கத்தின் முன் விரியுங்கள், கனவான்களே! ஆட்குறைப்பைப் பற்றி அதன்பின் பேசுவோம்.