நூலில் காய்த்த கனிகள்



அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள் இவ்வாண்டு விற்பனை மேசைக்காகக் குரோஷா ஊசியால் கோஸ்டர்கள் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். தேநீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் சிறு வட்டங்கள் அவை. ஒன்று தர்ப்பூசணித் துண்டுபோலச் சிவந்திருக்கிறது. ஒன்று குறுக்கே அரிந்த சாத்துக்குடிபோல இருக்கிறது. எலுமிச்சையும் கிவியும்கூட உண்டு. அழகானவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவற்றின் விலையைப்பற்றியும், அவற்றை நாம் வாங்குகிற விதத்தைப்பற்றியும் இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

நூலில் கனி செய்வது வேதத்துக்குப் புதிதன்று. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்குரிய அங்கியின் அமைப்பைக் கர்த்தரே மோசேக்கு விவரிக்கிறார். அந்த அங்கியின் கீழோரத்தில் நீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய நிற நூல்களால் செய்த மாதளம்பழங்கள் தொங்கவேண்டும். அவற்றுக்கு இடையிடையே பொன்மணிகள் இருக்கவேண்டும். கவனியுங்கள்: நூல் மாதளம்பழங்களுக்குக் கிடைத்த இடம், பொன்மணிகளுக்கு அருகில். பொன்னையும் நூலையும் ஒரே வரிசையில் கோர்க்கச் சொன்னவர் நம்முடைய தேவன். நாமோ பொன் என்றால் கூலி, சேதாரம் என்று கேட்ட தொகையைப் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம்; நூல் என்றால் பேரம் பேசுகிறோம்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஆண்கள் பலர் பார்த்ததில்லை; நான் பார்த்து, கேட்டு அறிந்ததைச் சொல்லுகிறேன். முதலில் நூலை ஒரு சிறு வளையமாக்கி, அதற்குள் ஆறு தையல் போடுகிறார்கள். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு, பிறகு இருபத்துநான்கு என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டவேண்டும். கூட்டத் தவறினால் வட்டம் கிண்ணம்போலக் குழிந்துவிடும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருங்கும். குழிந்தாலும் சுருங்கினாலும் அதன்மேல் குவளை நேராக நிற்காது. தர்ப்பூசணி என்றால் ஆறு சுற்றுச் சிவப்பு, ஒரு சுற்று வெள்ளை, ஒரு சுற்றுப் பச்சை. எட்டுச் சுற்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 216 தையல்கள். பிறகு கறுப்பு நூலால் விதைகளைத் தைத்து, நிறம் மாறிய இடங்களிலெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை ஊசியால் உள்ளே மறைக்கவேண்டும். இந்தக் கடைசி வேலைதான் பலருக்குச் சலிப்பைத் தருவது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாததும் இதுவே. பருத்தி நூலிலேயே பின்னவேண்டும் என்கிறார்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், சூட்டையும் தாங்கும். அக்ரிலிக் நூல் பார்வைக்குப் பளபளத்தாலும் கொதிக்கும் பாத்திரத்தின் கீழ் உருகக்கூடும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கை பழகியவருக்கும் ஒரு கோஸ்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கொண்ட ஒரு தொகுதிக்கு நாலரை மணி நேரம். அதை 150 ரூபாய்க்குக் கேட்கிறோம். நூலுக்கு 60 ரூபாய் போனால் மீதி 90. அதாவது மணிக்கு 20 ரூபாய். அதில் இரண்டு தேநீர்கூடக் கிடைக்காது. அப்படியிருந்தும், கடையில் இதைவிடச் சகாயமாகக் கிடைக்குமே என்று சொல்ல நமக்கு நா எழும்புகிறது! வாங்கும்போது நன்றாயில்லை என்று குறை சொல்லி, வாங்கிச் சென்றபின் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளுகிறவனை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் நன்றாக அடையாளம் கண்டிருக்கிறது. அவன் சந்தையில் மட்டும் இருப்பவன் அல்லன். ஆராதனை முடிந்து ஆலய வளாகத்துக்கும் வருவான்.

சிலர் சொல்லக்கூடும்: இது அவர்கள் ஓய்வுநேரத்தில் செய்கிற பொழுதுபோக்குத்தானே, இதற்கென்ன கூலி? இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆந்திராவிலுள்ள நர்சாப்பூர் சாட்சி. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷா சரிகை பின்னுகிறார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அவர்களைப்பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்கே பொருள் செய்துகொடுத்தும், வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள் என்ற பெயரால் அவர்களுடைய உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படவில்லை. கூலியும் மிக அற்பமாகவே இருந்தது. ஓய்வுநேரம் என்ற ஒரே சொல்லால் ஒரு பெண்ணின் நாளையே விழுங்கிவிடலாம்.

இதற்கு நேர்மாறான சாட்சி நம் தென்கோடியிலேயே உண்டு. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் 1821ஆம் ஆண்டளவில் பெண்பிள்ளைகளுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் வேறுவகை வேலை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855வரை சட்டப்படி நீடித்தது. அதற்கு முன்னரே, சரிகை வேலையில் கிடைத்த பணத்தைக்கொண்டு சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷனெரிப் பதிவுகள் சொல்லுகின்றன. அந்தச் சரிகையை வாங்கினவர்கள் நூலுக்கு மட்டும் விலை தந்திருந்தால் அந்த விடுதலை எங்கிருந்து வந்திருக்கும்?

நம் சகோதரிகளில் சிலர் தங்கள் கைவேலை முழுவதையும் காணிக்கையாகவே தருகிறார்கள். அப்படியானால் குறைத்துக் கேட்கிறவர் குறைப்பது காணிக்கையைத்தான். வேறு சிலருக்கு இது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாத மருந்துச் செலவு. யார் எந்த வகை என்று மேசையில் எழுதி வைத்திருக்காது. எழுதி வைக்கவும் வேண்டாம். யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களை விதவைகள் பேதுருவுக்குக் காட்டி அழுதார்கள். அவர்கள் காட்டியது ஊசி நூல் கொண்டு செய்த வேலையை. பேதுரு அதைச் சிறிய காரியமாக எண்ணவில்லை.

ஆகவே பெண்கள் ஐக்கியத்தாருக்கு என் ஆலோசனை இது: செலவான நேரத்தையும் சேர்த்து விலை குறியுங்கள்; விலைச்சீட்டைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்; கேட்கிறவரிடம் 216 தையல் கணக்கைச் சொல்லுங்கள். வாங்க இயலாதவர் பார்த்து மகிழ்ந்து செல்லட்டும், அதில் குறைவில்லை. வாங்க இயன்றவர் குறித்த விலையைக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. ஸ்ட்ராபெரியும் கிவியும் எங்கிருந்தோ வந்த மாதிரிகள். நம் ஊர் நுங்கை யாரும் பின்னிப் பார்த்ததுண்டா? கரிய ஓரம், வெண்மையான உட்புறம், நடுவே மூன்று கண்கள். வெட்டிவைத்த நுங்கே ஒரு கோஸ்டர்தான். மூன்று சிறு வட்டங்களைத் தனித்தனியே பின்னி, ஒரு பெரிய வட்டத்துக்குள் குழியாமல் இணைப்பதுதான் கடினமாம். வாலிபப் பெண்கள் இருவர் இரண்டு முறை பிரித்துவிட்டு மூன்றாம் முறையாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். முடிந்தால் அந்த முதல் நுங்கு எனக்கு வேண்டும். விலையை அவர்களே சொல்லட்டும்.