எண்பத்தேழில் ஒரு கடை

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

"ஓடுவதற்கு வண்டி இல்லை, ஓடத் தண்டவாளமும் இல்லை, இரயிலடிக் கடைக்கு மட்டும் என்ன அவசரம்?" என்று இவ்வாண்டு இயற்பியல் மன்றக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் கேட்டார். அவையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிரித்தவர்களுள் நானும் ஒருவன். ஆனால் சிரிப்பு வேறு, விடை வேறு அல்லவா? அந்த விடையைச் சொல்ல மலரில் இடமளித்த ஆசிரியர் குழுவிற்கு என் நன்றி.

செய்தி இதுதான். நம் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு சிறு அட்டைப் பெட்டியைத் துறைக்குக் கொடுத்துச் சென்றார். மாதிரி இரயில் அமைப்போர் தங்கள் தண்டவாளத்தின் ஓரத்தில் வைக்கும் கடைக் கட்டடம் ஒன்று பாகம் பாகமாக அதில் இருந்தது. பிளாஸ்டிக்கில் வார்த்த நான்கு சுவர்கள், கூரைக்கு ஒரு தகடு, சன்னல் சட்டங்கள், கண்ணாடிக்குப் பதிலாக ஒளி புகும் ஒரு தாள், மடித்து வைத்த செய்முறைக் குறிப்பு. அலமாரியில் தூசி படிந்து கிடந்த அதை நாங்கள் மூவர் எடுத்து, இரண்டு மாத மாலைப்பொழுதுகளில் கட்டி முடித்தோம். அதைத் துறைக் கண்காட்சியில் வைக்கலாமா, கூடாதா என்பதே வழக்கு. "குழந்தை விளையாட்டு" என்றனர் சிலர். "பிறர் வெட்டிக் கொடுத்ததை ஒட்டுவதில் என்ன அறிவு இருக்கிறது?" என்றனர் வேறு சிலர். இரண்டாவதே கூர்மையான கேள்வி. அதற்கு வருமுன் முதலாவதற்குக் கணக்கால் விடை சொல்லிவிடுகிறேன்.

உலகில் மிகுதியாக வழங்கும் மாதிரி இரயில் அளவு எச்.ஓ. எனப்படும். 'ஓ' என்ற பழைய அளவில் பாதி என்பது அதன் பொருள். உண்மையில் ஓர் அடி இருப்பது மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் 87இல் ஒரு பங்கு. ஏழடிக் கதவு 24.5 மில்லிமீட்டர் ஆகிறது. நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதர் இரண்டு சென்டிமீட்டர். அமெரிக்கச் செங்கல்லின் எட்டு அங்குல நீளம் 2.3 மில்லிமீட்டர். இரண்டு கற்களுக்கு இடையே உள்ள சாந்து, ஒரு தாளின் கனம். இப்போது வண்ணம் பூசுங்கள் பார்க்கலாம்! தூரிகை சற்றுத் தடித்து 0.1 மில்லிமீட்டர் படிந்தாலே, உண்மைச் சுவருக்கு ஒன்பது மில்லிமீட்டர் பூச்சு பூசியதற்குச் சமம். செங்கல் வரிகள் மறைந்தே போகும். நம் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் பிடித்து எத்தனையோ கம்பிகளின் விட்டத்தை அளந்திருக்கிறோம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு கட்டடத்தையே கெடுக்க வல்லது என்று அந்தக் கம்பிகளில் ஒன்றேனும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. நீளம் 87இல் ஒரு பங்காகும்போது பரப்பு 7,569இல் ஒரு பங்காகிறது. கன அளவு 6,58,503இல் ஒரு பங்காகிறது. நீளமும் பரப்பும் கன அளவும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதால் பெரிய உருவத்தைச் சிறிதாக்கினால் வலிமை வேறாகிவிடும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த நூலிலேயே விளக்கிவிட்டார். ஆனால் புவியீர்ப்பு முடுக்கம் மட்டும் நமக்காகச் சுருங்க மறுக்கிறது. பத்து மீட்டர் உயர மாடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். மாதிரி மாடியிலிருந்து விழுந்தால் 0.15 நொடி. காலம் 87இல் ஒரு பங்காகவில்லை. 87இன் வர்க்கமூலத்தில் ஒரு பங்காகிறது. திரைப்படக்காரர்கள் சிறிய பொம்மைக் கட்டடம் இடிவதை மிக விரைவாகப் படமெடுத்து மெதுவாகக் காட்டுவதன் இரகசியம் இந்த வர்க்கமூலம்தான். குழந்தை விளையாட்டாம்!

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாகங்களைப் பிறர் செய்து அனுப்ப, நாம் பூட்டுவது படைப்பாகுமா?

இந்த மாதிரி எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ, அந்த உண்மைக் கடையின் கதையைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருக்கள் எழுந்தபோது, பல கடைகளின் முகப்புகள் அந்த ஊரில் செய்யப்படவே இல்லை. செயின்ட் லூயி நகரில் மெஸ்கர் சகோதரர்கள் ஓர் இரும்பு ஆலை நடத்தினார்கள். அவர்களின் உடன்பிறந்தவரான ஜார்ஜ் மெஸ்கர் இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரில் இன்னொன்று நடத்தினார். விலைப்பட்டியல் புத்தகம் தபாலில் வரும். கடைக்காரர் தம் மனையின் அகலத்தை எழுதி அனுப்புவார். வார்ப்பிரும்புத் தூண்களும், கல்லில் செதுக்கியது போல அழுத்தி எடுத்த துத்தநாகம் பூசிய தகடுகளும் இரயிலில் வந்து இறங்கும். உள்ளூர்த் தச்சரும் கொத்தரும் அவற்றைப் பூட்டி நிறுத்துவார்கள். இன்றும் அந்நாட்டில் பல ஊர்களில் தூணின் அடியில் அந்த ஆலையின் பெயர்த்தகட்டைக் காணலாம். 1908 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனம் முழு வீட்டையே இப்படிப் பாகங்களாக விற்றது.

எண்ணிப் பாருங்கள்! உண்மைக் கடையே இரயிலில் வந்த உதிரிப் பாகங்களின் தொகுப்பு. அதைப் பூட்டிய தச்சரை "நீ படைக்கவில்லை, ஒட்டினாய்" என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனை சற்றுக் கோணலாக இருக்கும், தரை சரிந்திருக்கும், அனுப்பிய தகடு அரை அங்குலம் கூடியிருக்கும். விலைப்பட்டியல் அறியாத இந்தக் குறைகளையெல்லாம் கையால் சரிசெய்தவர் அவர்தாம். பெட்டியிலிருந்து வந்த நான்கு சுவர்களும் அப்படித்தான். ஓரங்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தால் ஒழிய மூலையில் இடைவெளி தெரியும். செய்முறைக் குறிப்பு "சுவர்களை ஒட்டவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எங்களுக்கு அந்த ஒரு வரி ஒன்பது மாலைகள்.

ஒட்டுவது என்ற சொல்லும் தவறு. சுவர்கள் பாலிஸ்டைரீன், நாம் அலங்காரத்துக்கு வெட்டும் தெர்மோகோலின் உடன்பிறப்பு. பசைக்குப் பதிலாக எத்தில் மெத்தில் கீட்டோனைத் தூரிகை நுனியில் எடுத்து இணைப்பில் தொட்டால், அது தந்துகிக் கவர்ச்சியால் இடுக்கில் ஓடி, இருபுறத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்குகிறது. நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டு சுவர் ஒரு சுவராகிறது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று எச்சரித்து, ஒரு சிறு குப்பியில் அதைத் தந்த வேதியியல் துறைக்கு நன்றி.

என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். சுவரை வண்ணம் பூசுவதற்கு முன் ஒருநாள் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஆறு வரிசைக்கு ஒரு வரிசை கல்லைக் குறுக்கே வச்சிருக்கான் பாரு. உள்சுவரையும் வெளிச்சுவரையும் அதுதாம்பா பிடிச்சு நிறுத்துது. இல்லாட்டி முகம் மட்டும் தனியாப் பெயர்ந்து வந்திரும்" என்றார். ஒரு மாதமாக அந்தச் சுவரோடு பழகிய எங்கள் மூவர் கண்ணிலும் அது படவே இல்லை. அமெரிக்காவை வரைபடத்தில்கூட அதிகம் பார்த்திராத ஒருவர், அந்நாட்டுக் கொத்தர் ஒருவரின் எண்ணத்தை இரண்டு மில்லிமீட்டர்க் கல்லில் படித்துவிட்டார். "எல்லாக் கல்லுக்கும் ஒரே சிவப்பு அடிச்சிராதே, சூளையிலே வெந்ததும் இருக்கும், வேகாததும் இருக்கும்" என்றும் சொன்னார். அவ்வாறே அங்கங்கே சில கற்களை மட்டும் கருஞ்சிவப்பாகவும் வெளிறிய நிறமாகவும் தொட்டோம். பிறகு நீர்த்த வெளிர்சாம்பல் நிறத்தை முழுச் சுவர்மேலும் ஓடவிட்டுத் துணியால் துடைத்தோம். வரிகளில் மட்டும் அது தங்கிச் சாந்தாகிவிட்டது.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொத்தர் மகனும் தச்சர் மகளும் நெசவாளர் பிள்ளையும் பட்டம் பெறக் கூடும் இடம் நம் அரசு கலைக் கல்லூரி. வீட்டிலிருந்து கொண்டுவந்த கைத்திறனை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆயினும் கழற்றித்தான் வைக்கிறோம். செய்முறைத் தேர்வில் விடை முன்பே தெரியும். அந்த விடை வரும்படி அளவுகளை அமைத்துக்கொள்ளும் வித்தையும் நமக்குத் தெரியும். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். மாதிரிக் கடையில் அந்த வித்தை செல்லாது. மூலை சேராவிட்டால் சேரவில்லைதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1946ஆம் ஆண்டளவில் மாணவர்கள் ஒரு மாதிரி இரயில் மன்றம் தொடங்கினார்கள். ஒரு சாரார் வண்டிகளையும் ஊரையும் கட்டினர். மற்றொரு சாரார் மேசைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு வண்டிகளை இயக்கும் மின்சுற்றுகளைப் பின்னினர். அடியில் பின்னியவர்கள் பிறகு கணிப்பொறிக்குச் சென்றார்கள். 'ஹேக்கர்' என்ற சொல்லின் இன்றைய பொருளே அங்கே வேர் கொண்டதென்பர். 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற கணிப்பொறி விளையாட்டும் அந்த மன்றத்தார் கைவண்ணம்தான். 1984இல் ஸ்டீவன் லெவி எழுதிய நூல் அவர்களை உலகறியச் செய்தது. நன்று. ஆனால் அந்தப் புகழெல்லாம் மேசைக்கு அடியில் இருந்தவர்களுக்கே போயிற்று என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. மேலே ஊர் இல்லையென்றால் வண்டி எங்கே நிற்கும், எதற்காக நிற்கும்?

எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவை எடுக்க வேண்டியவர்களும் மேலே இருந்தவர்களே. ஒரு கிலோமீட்டர் இந்த அளவில் பதினொன்றரை மீட்டர். நம் ஆய்வகம் முழுவதும் போட்டாலும் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே தொலைவைக் குறைக்கிறார்கள். கடையின் அகலத்தை வைத்துக்கொண்டு ஆழத்தை வெட்டுகிறார்கள். மூன்று கடைகளை நிறுத்தி ஒரு தெருவென்று நம்ப வைக்கிறார்கள். (நம் நாட்டு அகலப்பாதைக்கும் ஒரு சங்கடம் உண்டு. 1676 மில்லிமீட்டர் அகலம் இந்த அளவில் 19.3 ஆக வேண்டும்; எச்.ஓ. தண்டவாளமோ 16.5தான். நம் வண்டியை அதில் ஓட்டுவோர் மூன்று மில்லிமீட்டர் பொய் சொல்லியே ஆகவேண்டும்.) பொய்யை எங்கே வைத்தால் மெய் கெடாது என்று தெரிவதற்கு அந்தத் தெருவை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஜான் ஆலன் என்னும் ஒளிப்படக் கலைஞர் தம் மாதிரி இரயிலுக்காகப் புதுக் கட்டடங்களைக் கட்டி அவற்றின்மேல் துருவும் மழைக்கறையும் படிந்தது போல் தீட்டினார். 1973 ஜனவரியில் அவர் மறைந்தார். சில நாட்களில் அந்த ஊரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் படங்கள்தாம்.

இனிக் கண்காட்சிக்கு வருவோம். ஆண்டுதோறும் தெர்மோகோலில் கோபுரம் எழுகிறது, அணை எழுகிறது, இராக்கெட் எழுகிறது. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் அவை எதிலும் அளவு இருப்பதில்லை. கோபுர வாயிலில் நிற்கும் பொம்மை மனிதன் மூன்றாம் நிலை வரை உயர்ந்து நிற்கிறான்! அமெரிக்கர்கள் அரண்மனையை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையை, ஒரு முடிதிருத்தும் நிலையத்தை, ஒரு மருந்துக்கடையைச் செங்கல் செங்கல்லாகச் செய்கிறார்களே, அதில்தான் என் மனம் நிற்கிறது. 1956க்குப் பின் பெருஞ்சாலைகள் பெருகி, வாணிகம் ஊருக்கு வெளியே சென்றதும் அந்தக் கடைத்தெருக்கள் பல வெறிச்சோடின. கடைக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கடையின் உள்வாங்கிய வாசலும், இருபுறக் காட்சிச் சன்னலும், மேலே வெளிச்சத்துக்கென்று விட்ட சிறு கண்ணாடிகளும் யாரோ ஒருவர் மேசையில் அளவு பிசகாமல் இருக்கின்றன. எளியவர் பிழைத்த இடத்துக்கு இவ்வளவு நுட்பமான கவனத்தை வேறு எந்தப் பாடம் தருகிறது?

மன்றத்திற்கு என் வேண்டுகோள் சிறியது. ஆய்வகத்தின் பின்பகுதியில் பூட்டக்கூடிய ஓர் அலமாரி, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம், அரை மில்லிமீட்டர் குறியிட்ட இரும்பு அளவுகோல் இரண்டு, சிறு அரங்கள் ஒரு தொகுதி, வெட்டுக்கத்தி, அட்டை. வெர்னியர் நம்மிடமே இருக்கிறது. வெளிநாட்டுப் பெட்டி இனித் தேவையில்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள கடைகளின் முகப்பை உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு நாடாவால் அளந்தால் போதும். 87ஆல் வகுப்பதற்கு ஆள் உண்டு. கொத்து வேலையில் ஐயம் வந்தால் கேட்பதற்கும் ஆள் உண்டு.

எங்கள் கடை இப்போது ஒளியியல் மேசைக்கு அருகில் உள்ள அலமாரியில் இருக்கிறது. கூரையை வேண்டுமென்றே ஒட்டவில்லை. எடுத்து உள்ளே பார்க்கலாம். வெளிச்சம் சுவரை ஊடுருவாதிருக்க உட்புறம் முழுவதும் கறுப்பு பூசியிருப்பதையும் காணலாம். முன்புறச் சன்னல் தாளில் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.