பழுதை அறியாமல் பாகத்தை மாற்றுவதா?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 6 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்த ஜீப்புகளில் இன்று எஞ்சியிருப்பவற்றைப் பேணுவோர், நான்கு சிலிண்டர்களில் ஒன்று ‘மிஸ்’ அடிக்கத் தொடங்கியவுடன், காரணத்தை ஆராயாமல் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது, சரித்திரச் சின்னமொன்றைச் சிறிது சிறிதாக அழிக்கும் காரியம் என்றே கருதுகிறேன். நான்குக்கும் பொதுவான கார்புரேட்டர், ஒன்றை மட்டும் பட்டினி போடுவது அபூர்வம்.

எஞ்சின் ஓடுகையில், மின்காப்புள்ள கருவியால் ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாக எர்த் செய்யும்போது, எந்தச் சிலிண்டரின் பொறியை நிறுத்தியும் ஓட்டத்தில் மாறுதல் தோன்றவில்லையோ, அங்கேதான் தோஷம் இருக்கிறது. அதன் பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றியதும் கோளாறும் உடன் சென்றால் பிளக்கே காரணம். செல்லாவிடில் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும், அதன் பின்னர் கம்ப்ரெஷனையும் பரிசோதிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் அழுத்தம் ஒருங்கே குறைந்திருப்பின் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

கோளாறு ஓரிடத்தில் நிலைக்காமல் மாறி மாறித் தோன்றினால், 0.020 அங்குலம் இருக்க வேண்டிய பாயிண்ட் இடைவெளியையும், கண்டென்சரையும், வெறும் 6 வோல்ட்டில் இயங்கும் இவ்வண்டியில் பொறியை நலியச் செய்யும் துருவேறிய எர்த் இணைப்புகளையும் கவனிப்பதே முறை.