மல்பெரிப் பழம் வீட்டுக் கொல்லைக்கு வரட்டும்

பட்டு விவசாயி ஒருவரிடம் அவருடைய மல்பெரித் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். ஏக்கருக்கு எவ்வளவு இலை வருகிறது, எத்தனை முட்டைத் தொகுதிக்குத் தாங்கும், போன தடவை கூடு என்ன விலைக்குப் போனது என்று வரிசையாகச் சொல்வார். பழத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "அதெல்லாம் பசங்க பறிச்சுத் தின்றது சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆராய்ச்சி மாணவனாக மல்பெரி வயலில் வேலை செய்த நாட்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். கிளையை வெட்டி, இலையை உருவி எடை போடுவோம். பழத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவிடுவோம். எங்கள் பதிவேட்டில் இலைக்குக் கட்டம் உண்டு, குச்சிக்குக் கட்டம் உண்டு, பழத்துக்குக் கிடையாது. பழம் பிடிப்பது இலையின் தரத்துக்கு இழப்பு என்றே படித்திருந்தோம். பட்டுப்புழுவின் பக்கம் இருந்து பார்த்தால் அது சரிதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாலை நேரம். பள்ளிச் சீருடையில் நான்கைந்து பிள்ளைகள் வரப்பில் நின்று பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வாயும் விரலும் கத்தரிப்பூ நிறம். தோட்டக்காரர் கத்திக்கொண்டே ஓடினார். பழம் போகிறதே என்ற கோபம் இல்லை அது. இலைப்பேனுக்கு மூன்று நாள் முன்புதான் அங்கே மருந்து அடித்திருந்தார். புழு வளர்ப்பு மனையின் சுவரில் மருந்து அடித்த தேதியையும், எந்தத் தேதிக்குப் பிறகு இலை வெட்டலாம் என்பதையும் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். நல்ல விவசாயி. புழுவுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு எத்தனை நாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: பட்டுக்கு வளர்க்கும் வயலில் பழம் பறிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். மருந்தே படாத ஒரு மல்பெரி மரம் வீட்டுக்குப் பின்னால் நிற்கட்டும். பட்டு வளர்க்காத ஊர்களுக்கும் இது பொருந்தும். முசுக்கட்டை, கம்பளிச்செடி என்று தமிழில் பெயர் பெற்ற மரம் இது. பலாவுக்கும் அத்திக்கும் உறவு. செம்மண்ணிலும் கரிசலிலும், ஓசூர் குளிரிலும் மதுரை வெயிலிலும் வளரும். தண்ணீர் தேங்கும் இடம்தான் ஆகாது.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பட்டு விவசாயி ஒவ்வொரு கவாத்திலும் வண்டிக்கணக்கில் குச்சிகளை அடுப்புக்கோ குப்பைக்கோ போடுகிறார். அதில் ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய, பென்சில் கனமுள்ள குச்சிகளைக் கேட்டு வாங்கி, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, ஒரு கணு மட்டும் வெளியே தெரிய மண்ணில் செருகினால் போதும். வேர்விடும் மருந்து எதுவும் தேவையில்லை. மூன்று நான்கு மாதத்தில் எடுத்து நடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மல்பெரியில் ஆண் பூ மட்டும் பூக்கும் செடிகளும் உண்டு. பழம் பிடித்ததை உங்கள் கண்ணால் பார்த்த செடியிலிருந்து குச்சி எடுங்கள்.

நாற்றுப் பண்ணைகளில் இதே செடி சில நூறு ரூபாய்க்குப் போகிறது. விரல் நீளம் காய்க்கும் ரகம் என்றால் இன்னும் அதிகம். அந்த ரகத்தை விரும்பி வாங்குவதில் தவறில்லை, சுவை நன்றாகவே இருக்கும். அவற்றில் சில பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும்; நிறத்தைப் பார்க்காமல் தொட்டுப் பார்த்துப் பறிக்க வேண்டும். எனக்கு வருத்தம் தருவது செடியோடு சேர்த்து விற்கப்படும் கதைகள். சர்க்கரை நோயை விரட்டும், புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். மல்பெரி இலையில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதை மெதுவாக்கும் ஒரு பொருள் இருப்பது உண்மை. அது இலையில்; பழம் இனிப்பானது. அட்டையை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் ஒருவரை நான் நேரில் அறிவேன்.

பழத்துக்கு இருக்கும் நன்மையைச் சொல்ல இத்தனை மிகை தேவையில்லை. 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 36 மில்லிகிராம் வைட்டமின் சி, 2 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவாக இரும்புச்சத்து. பழங்களில் இரும்பு இந்த அளவு இருப்பது அபூர்வம். ராகியிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும் என்பதால், ராகிக் களி சாப்பிடும் வீட்டில் ஒரு கை மல்பெரிக்கு மதிப்பு கூடுதல். ரத்தசோகை நம் கிராமத்துப் பிள்ளைகளிடமும் பெண்களிடமும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் கிராமச் செவிலியர்களிடம் கேட்டால் தெரியும். மல்பெரி அதற்கு மருந்து அல்ல. ஆனால், காசு கொடுத்துப் பழம் வாங்காத வீட்டில் ஆண்டுக்குச் சில தடவை தானாகப் பழம் வருகிறது என்பதே பெரிய விஷயம்.

தடவை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மல்பெரியில் பூ, புதுத் துளிரோடு சேர்ந்தே வரும். துளிரை நாம் வரவழைத்தால் பழமும் வரும். ஒரு அறுவடை முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, மீதி இலைகளையும் உருவிவிட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் கண் விழிக்கும். ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் பழம் கைக்கு வரும். கவாத்து செய்யாமல் விட்ட மரம் உயரே போய் உச்சியில் காய்த்து, மைனாவுக்கும் அணிலுக்கும் போகும். அவற்றுக்கும் பங்கு உண்டு, முழுவதும் அல்ல! ஆறடிக்கு மேல் விடாதீர்கள். வெட்டிய தழையை ஆடு விட்டுவைக்காது. புரதம் மிகுந்த தீவனம்.

நடுவதற்கு ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை மட்கிய எரு போதும். சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பத்தடியாவது தள்ளி நடுங்கள், வேர் வலுவானது. துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்திலும் வேண்டாம். இதை நான் சொல்லாவிட்டாலும் முதல் காய்ப்பிலேயே வீட்டில் சொல்லிவிடுவார்கள். இடமில்லாதவர்கள் பாதியாக வெட்டிய பெரிய டிரம்மில் வைக்கலாம். யூரியா போடும் பழக்கம் இங்கே தேவையே இல்லை. பட்டு வயலுக்கு ஆண்டுக்கு எக்டருக்கு 300 கிலோவுக்கு மேல் தழைச்சத்து சிபாரிசு செய்வது இலைக்காக. வீட்டு மரத்துக்கு அப்படிக் கொடுத்தால் இலைதான் செழிக்கும்.

மாவுப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுனி சுருண்டு, தடித்து, கரும்பச்சையாக மாறினால் அது 'துக்ரா'. கையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு போய், அந்த நுனிகளை வெட்டி அதில் போடுங்கள். அவ்வளவுதான். மருந்து வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குப் பிள்ளைகள் ஒரு காரணம், இன்னொன்று அனுபவம். 2008இல் கோவையில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று மூன்றையும் படுத்திய பாடு பலருக்கு மறந்திருக்காது. மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'அசிரோஃபேகஸ் பப்பாயே' என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்து படாத கொல்லை மரம் இப்படிப்பட்ட குளவிகளுக்குத் தங்குமிடம். பக்கத்தில் பட்டு வளர்ப்பவர் இருந்தால் அவருக்கும் அது லாபம். ஆனால், மாவுப்பூச்சி அப்பிய மரத்தைக் கவனிக்காமல் விட்டால் அவருக்கு நீங்கள் தொல்லை.

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: இவ்வளவு நல்ல பழம் என்றால் ஏக்கர் கணக்கில் போட்டு விற்கலாமே? இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். காலையில் பறித்த பழம் மாலையில் கசியத் தொடங்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கூழாகிவிடும். பறிப்புக் கூலியும் அதிகம். பதப்படுத்தும் ஏற்பாடும் வாங்கும் ஆளும் கையில் இருந்தால் தவிர, இதில் பணத்தை முடக்காதீர்கள். ஆப்கானிஸ்தானின் மலைக் கிராமங்களில் மல்பெரியைக் காயவைத்து மாவாக்கிக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். துருக்கியில் பாகாகக் காய்ச்சுகிறார்கள். அங்கும் இது முதலில் வீட்டுத் தேவைக்கான மரம்தான்.

நம் வீட்டிலும் மீந்ததைக் காய்ச்சலாம். ஒரு கிலோ பழத்துக்கு அரைக் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. மல்பெரியில் புளிப்பு குறைவு என்பதால் எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். காயாகத் தின்னப் பிள்ளைகளை விடக் கூடாது. அதில் உள்ள பால் வயிற்றைக் கெடுக்கும். பழுத்ததைப் பறிக்கச் சுலபமான வழி, காலையில் மரத்தடியில் பழைய சேலையை விரித்துக் கிளையை மெல்ல உலுக்குவது. பழுத்தது மட்டும் விழும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பட்டுத் தோட்டங்களில் கவாத்து நடக்கும் வாரம் உங்களுக்குத் தெரியும். அந்த வாரத்தில் இரண்டு கட்டு நல்ல குச்சிகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு போய் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுங்கள். திட்டமோ நிதியோ ஒப்புதலோ தேவைப்படாத வேலை. தேன்கனிக்கோட்டை நண்பர் இதைத்தான் செய்தார். வளர்ப்பு மனைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் மூன்று மரம் தனியாக நட்டு, மருந்துத் தெளிப்பான் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறார். சுவரில் தேதி எழுதும் இடத்துக்குக் கீழே இப்போது இன்னொரு வரியும் இருக்கிறது: "பிள்ளைகள் குழாயடி மரத்தில் மட்டும் பறிக்கவும்."