காகிதம் இல்லாதவள் அந்நியள் ஆவாளா?

"உண்மையான குடிமகளிடம் காகிதம் இல்லாமலா போகும்?" அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேடு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரம்மபுத்திராவின் மணல்திட்டு ஊர்களில் வாழும் வங்காள வம்சாவளி முஸ்லிம் பெண்களின் கதையைப் பார்த்தால் அந்த நியாயத்தின் சாயம் வெளுத்துவிடும்.

பதிவேட்டில் இடம்பெற இரண்டு ஆதாரங்கள் தேவைப்பட்டன. தந்தையோ பாட்டனாரோ 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே இந்தியாவில் இருந்தார் என்பதற்கு ஒன்று. நீங்கள் அவர் வாரிசுதான் என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதில்தான் பெண்கள் இடறினார்கள். பள்ளிக்கூடம் போகாதவளுக்கு மாற்றுச் சான்றிதழ் ஏது? வீட்டில் பிறந்தவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? நிலமோ அண்ணன் தம்பி பெயரில். மிஞ்சுவது வாக்காளர் பட்டியல். 1989 வரை வாக்களிக்கும் வயது 21. பதினாறில் கட்டிக் கொடுக்கப்பட்டவள் முதன்முதலாகப் பட்டியலில் ஏறியதே கணவன் ஊரில், இன்னாரின் மனைவி என்று. அன்று தகப்பன் பெயரைக் கேட்டு எழுதாத அதே அரசுதான் இன்று மகள் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்கிறது.

பெயர் மாறுவதே மோசடிக்கு அடையாளம் என்பார்கள். மணமாகாதவள் காத்தூன், மணமானால் பீபி அல்லது பேகம், கணவன் இறந்தால் பேவா: அந்த மக்களிடையே இது பரவலான வழக்கம். எழுத்துப் பிழை, வயதுக் குழப்பம் போன்ற சிறு முரண்களை வைத்து ஒருவரை வெளிநாட்டவராக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

இன்னார் மகள் என்பதற்குப் பஞ்சாயத்துச் செயலரிடம் சான்று வாங்கலாமே? லட்சக்கணக்கான பெண்கள் வாங்கினார்கள். 2017 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது, கடுமையான சரிபார்ப்பு என்ற நிபந்தனையோடு.

இந்துக்களும்தான் விடுபட்டார்கள் என்பது உண்மை. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான பதிவேட்டுப் பட்டியலில் இடம்பெறாத 19,06,657 பேரும் ஒரே மதத்தினர் அல்லர். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆறு மதத்தவருக்குக் கதவு திறந்தது. அது எத்தனை பேருக்கு உதவும் என்பது வேறு கேள்வி. முஸ்லிம் பெண்ணுக்கு அந்தக் கதவே கிடையாது.

கடைசி வாதம், விடுபட்டவர்கள் முறையிட வெளிநாட்டினர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பது. அங்கே ஒருவர் வெளிநாட்டவர் என்று குற்றம் சாட்டும் அரசு அதை நிரூபிக்க வேண்டியதில்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் 9ஆம் பிரிவில் அந்தச் சுமையை நிறுத்தப்பட்டவர் தலையில் ஏற்றியது. தீர்ப்பாயம் தள்ளிவிட்டால் வழக்கமான மேல்முறையீடு இல்லை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே. அன்றாடக் கூலிக்காரிக்கு வக்கீல் செலவு யார் தருவது? தகப்பனோ அண்ணனோ கூண்டேறி "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று சொன்னாலும், ஆவணமில்லாத வாய்ச்சொல் போதாது என்று தள்ளிய வழக்குகள் உண்டு. அண்ணன் இந்தியன், உடன்பிறந்த தங்கை வெளிநாட்டவள் என்று ஆகிப்போன குடும்பங்களும் உண்டு.