ரேக்கை மாற்றச் சொல்வதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்



"பத்தொன்பது வருஷ வண்டிக்கு இவ்வளவு மல்லுக்கட்டா டீச்சர்? காயலான் கடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கச் சொல்லுங்க" என்று மூன்று பேர். "மெக்கானிக்கை விட உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?" என்று ஒருவன். போன வாரம் நான் போட்ட நாலு வரிக்கு வந்த பதில்கள் இவை. நாலு வரி போதவில்லை போலிருக்கிறது. இன்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் தங்கை வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். வண்டி ஓட்டுவது தங்கைதான். அவளுக்கு வலது தோளில் வலி. பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாவிட்டால், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்த அவளால் முடியாது. புதுசு வாங்கச் சொன்ன மூவரும் மாதாமாதம் டயாலிசிஸுக்கு என்ன ஆகிறது என்று ஒருமுறை விசாரித்துவிட்டு அப்புறம் எழுதட்டும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினாள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள், உறுமல் சத்தம் கேட்டார்கள், பத்து நிமிடத்தில் தீர்ப்பு: "ரேக் போயிடுச்சும்மா. பம்ப்பையும் சேர்த்து மாத்திடுங்க. 34,000 ஆகும்." பானெட்டைத் திறந்தார்கள், ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கவில்லை. என் கோபம் முழுக்க அந்த மூடியின் மேல்தான். விடைத்தாளைப் பிரிக்காமலே மதிப்பெண் போடுகிற வேலை இது. முப்பத்தி நாலு வருஷம் சிவப்பு மசிப் பேனா பிடித்த எனக்கு இது பொறுக்காது.

பவர் ஸ்டீயரிங் ஒன்றும் மந்திரம் இல்லை. பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். இஞ்சின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி ஒரு தடித்த ஹோஸ் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகும். அந்த முறுக்கலில் வால்வு திறந்து, எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு உதவும்படி பிஸ்டனின் ஒரு புறத்துக்கு ஆயில் போகும். அழுத்தம் 80 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 80 கிலோ தள்ளுதல். பிஸ்டனின் பரப்பு எட்டு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், 640 கிலோ வருகிறது. தங்கையின் தோளுக்குப் பதிலாக உழைப்பது அதுதான். அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற இஞ்சினியர் 1926-லேயே இதை வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். கடையில் விற்கும் காரில் வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். இத்தனை வருஷமாக உலகத்துக்குத் தெரிந்த இயந்திரத்தை ஏதோ ராக்கெட் மாதிரிப் பேசினால் எப்படி?

இப்போது அந்த மூடி. திறந்து பார்த்தால் மூன்று விஷயம் உடனே தெரியும். அளவு குறைவாக இருந்தால் எங்கோ கசிகிறது. நிறம் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் செத்துவிட்டது. நுரை இருந்தால் காற்று உள்ளே போகிறது. தங்கை வண்டியில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. திருப்பும்போது கேட்ட உறுமல் அந்தக் காற்றின் சத்தம். ஆயில் அழுந்தாது, காற்று அழுந்தும். நுரையை அழுத்தினால் 80 பார் எங்கிருந்து வரும்?

"தரையில ஒரு சொட்டுகூட ஒழுகலையே டீச்சர், ஹோஸ் நல்லாத்தானே இருக்கு" என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான் உண்டு. இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் மேலே ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும்? இளநீர் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே வரும், வாயில் களக் களக் என்று சத்தம் வரும். பத்தொன்பது வருஷ ரப்பர் சூட்டில் கட்டை மாதிரி இறுகி, கிளிப் பிடிக்காமல் கிடந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். அந்த ஹோஸ், இரண்டு கிளிப், பம்ப் வாயில் ஒரு ஓ-ரிங், புது ஆயில் எல்லாம் அவனே போட்டான். டப்பாவுக்குள் இருந்த வலையில் படிந்திருந்த கசடையும் கழுவினான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை ஆஃப் பண்ணியே இந்த ஓரம் அந்த ஓரம் இருபது தடவை மெதுவாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றினான். பிறகு ஸ்டார்ட் பண்ணி மறுபடியும். கூலியோடு 1,850 ரூபாய்.

"ரேக்கை மாத்தியிருந்தாலும் சரியாகியிருக்குமே" என்கிறான் என் அண்ணன் மகன். ஆகியிருக்கும், கொஞ்ச நாளைக்கு. புது ஆயில் ஊற்றிக் காற்றெடுத்த புண்ணியத்தில். பழைய ஹோஸ் அப்படியே இருந்து மறுபடி காற்றை இழுக்கும். நுரையில் சுற்றிச் சுற்றிப் புது பம்ப்பும் தேயும். அப்போது "பம்ப் டூப்ளிகேட்டு போலிருக்கு" என்பார்கள்.

எல்லா வண்டியிலும் ஹோஸ்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. இஞ்சினை ரேஸ் பண்ணினால் லேசாகி, ஐட்லிங்கில் கனத்தால் பெல்ட் அல்லது தேய்ந்த பம்ப். ஒரு பக்கம் லேசு, ஒரு பக்கம் கனம் என்றால் ரேக்கையும் அதன் வால்வையும் சந்தேகிக்கலாம். அப்போது ரேக் வேலை நியாயம். முன் டயரில் காற்றுக் குறைவு, துருப்பிடித்த ஸ்டீயரிங் ஜாயிண்ட் இவையும் அதே கனத்தைக் கொடுக்கும். இதில் எது என்று தெரியாவிட்டால் யூகிக்க வேண்டியதில்லை, கேஜ் இருக்கிறது. பம்ப்புக்கும் ரேக்குக்கும் நடுவில் வால்வோடு கூடிய பிரஷர் கேஜை மாட்டி, வால்வை மூட வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. மூடியபோது கம்பெனி சொன்ன அளவுக்கு முள் ஏறினால் பம்ப் நல்ல பம்ப். வால்வைத் திறந்துவிட்டு ஸ்டீயரிங்கை ஓரத்துக்குத் திருப்பிப் பிடிக்கும்போது முள் அந்த அளவுக்கு ஏறாவிட்டால் ரேக் உள்ளுக்குள் விடுகிறது. இந்த ஐந்து நொடிக்குப் பயந்துதான் முப்பத்தி நாலாயிரமா?

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பிள்ளைகள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் பதில் எனக்குத் தெரியும்: "சோதிச்சுப் பார்க்க யாரு டீச்சர் காசு குடுக்குறாங்க? பார்ட்ஸ் போட்டாத்தான் பில்லு." உண்மைதான். டாக்டர் நாடி பிடித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றாலும் முந்நூறு ரூபாயை மரியாதையாக வைக்கிறோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் குனிந்து பார்த்து "கிளிப்தான்" என்றால் இருபது ரூபாய் நீட்டுகிறோம். இந்தக் குற்றம் வண்டிக்காரர்களான நம்முடையது. ஆகவே பார்ப்பதற்கென்று தனிக் கூலி வாங்குங்கள், போர்டில் எழுதியே வையுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற உறவினர் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். ஆனால் அந்தக் கூலி கிடைக்காத குறையை டயாலிசிஸ் வீட்டுப் பில்லில் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் குழுவில் வந்த யோசனைகள். "பெல்ட்டைக் கழட்டிட்டு ஓட்டச் சொல்லுங்க": சில வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது, இஞ்சின் வெந்துவிடும். "கசிவை நிறுத்துற மருந்து ஊத்துங்க": அது சீலை ஊதவைக்கும், வெடித்த ஹோஸை ஒட்டாது. "பிரேக் ஆயில் ஊத்தினா போதும்" என்று எழுதிய புண்ணியவானே, அதை உடனே நீக்கிவிடு. பிரேக் ஆயில் பட்டால் பவர் ஸ்டீயரிங் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். அப்போதுதான் நிஜமாகவே ரேக் மாற்ற வேண்டி வரும். என்ன ஆயில் என்பது மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு: உங்களுடையதில் பெரும்பாலும் ஆயிலே கிடையாது, மோட்டார்தான். அங்கேயும் இதே கதை. மஞ்சள் விளக்கு எரிந்ததும் "யூனிட் மாத்தணும்" என்பார்கள். முதலில் பேட்டரி வோல்டேஜ், பிறகு எர்த் ஒயர், பியூஸ், அதன் பிறகு ஸ்கேனர். இதைப் பற்றிக் கேள்வி இருந்தால் என்னைக் கேட்க வேண்டாம். ஷெட் வைத்திருக்கும் அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இருப்பான். பார்ப்பதற்கு இருநூறு ரூபாய் வாங்குகிறான், கொடுத்துவிட்டு வாருங்கள்.