கேட்கிற காது எங்களுக்கும் வேண்டும்

'மனசுக்கு வைத்தியமா? கூலிக்காரனுக்கு ஏதுடா மனசு?' என்று கேட்கிறது ஊர். 'புரட்சி வந்தா எல்லாம் சரியாப்போகும், கவுன்சிலிங் எல்லாம் நடுத்தர வர்க்கச் சொகுசு' என்கிறார் நம் தோழர். வேறு வேறு திசையிலிருந்து வந்தாலும் இருவரும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். தலித்துக்கு உடம்பு உண்டு, உழைப்பு உண்டு, ஓட்டு உண்டு. உள்ளே ஒன்று நோகும் என்பதை மட்டும் ரெண்டு பேரும் ஒத்துக்கொள்வதில்லை.

நோகிறது தோழர்களே. எங்கள் பாளையம்பட்டியிலும் நோகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் மழை பொய்த்த வருசம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுப் பிழைக்கிற சனம், தூக்கம் கெட்டவனைப் பார்த்து 'யோசனை கூடிப்போச்சு' என்கிறது. பேச்சற்று மூலையில் உட்கார்ந்துவிட்ட பெண்ணைப் 'பேய் பிடிச்சிருக்கு' என்கிறது. கோடாங்கி வந்து உடுக்கை அடிப்பார். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஏர்வாடிக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள்.

ஏர்வாடி ஞாபகமிருக்கிறதா? 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. அங்கே ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் செத்தார்கள். நேர்ந்துகொள்ளப் போகிற தர்காவை நான் குற்றம் சொல்லவில்லை. ஏழைக்கு வேறு போக்கிடம் வைக்காத அரசைச் சொல்கிறேன். அதன்பிறகு வந்த 2017ஆம் வருசத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்தது. அரசு நடத்துகிற இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவர் உரிமை என்றும் எழுதியது. சரி, இரும்புச் சங்கிலி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத சங்கிலி ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

நான் வங்கியில் கிளார்க். பணத்தை எண்ணிக்கொண்டே ஒருவர் கேட்பார், 'தம்பிக்கு எந்த ஊரு?' பாளையம்பட்டி என்றால் விடமாட்டார். 'பாளையம்பட்டில எங்கிட்டு?' அந்த 'எங்கிட்டு' நேராக வயிற்றில் வந்து விழும். வருசக்கணக்கில் விழுந்தது. கேள்வி வராத நாளிலும் வரப்போகிறது என்று கை நடுங்கியது. தூக்கம் போனது. கவிதையும் நின்றது.

ஒரு கவுன்சிலரிடம் போனேன். படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். 'இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா? நீங்களா நெனச்சுக்கிறீங்க. எண்ணத்தை மாத்துங்க, வாழ்க்கை மாறும்' என்றார். மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனிடம் மூச்சை இழுத்துவிடு என்பதற்குப் பெயர் சிகிச்சையா? உன் இழிவுக்கு உன் கர்மாவே காரணம் என்றான் பழைய ஆள். உன் வலிக்கு உன் எண்ணமே காரணம் என்கிறார் புதிய ஆள். பாடம் ஒன்றுதான், அட்டைதான் வேறு.

அதற்காக உளவியல் சிகிச்சையே பார்ப்பனியச் சதி என்று முடிவு கட்டலாமா? கூடாது. அடுத்துப் போன இடத்தில் ஒரு அம்மா, 'அந்தக் கேள்வி வரும்போது உடம்புல என்ன ஆகுது?' என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். வாரம் ஒரு மணி நேரம், நாலு மாசம். என் பயம் பொய் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நடந்த அவமானம் எது, நடக்குமோ என்று நானே முன்கூட்டிச் சுமக்கிற அவமானம் எது என்று பிரித்துப் பார்க்கவைத்தார். அவன் செய்ததற்கு நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்? வெட்கம் போன இடத்தில் கோபம் வந்தது. அந்தக் கோபம் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசியது. ராத்திரி என்னைத் தூங்கவும் விட்டது.

ஃபனோன் பெயரை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அவர் மனநல மருத்துவர் என்பதைத்தான் சொல்வதில்லை. 1953இல் அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் சேர்ந்து, 1956இல் ராஜினாமா செய்தார். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்தச் சூழலுக்கே இணங்கவைப்பது வைத்தியமாகாது என்பது அவர் வாதம். ஆனால் வைத்தியத்தை அவர் கைவிடவில்லை. துனிஸ் போய், விடுதலைப் போரில் இருந்துகொண்டே நோயாளிகளையும் பார்த்தார். ரெண்டும் ஒரே ஆள் செய்த வேலை.

'இதுக்கெல்லாம் நம்மகிட்ட காசு ஏது?' என்பீர்கள். ஜிம்பாப்வேயில் காசு இருந்ததா? அங்கே மனசு நொந்த நிலையை 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். நம் சனம் சொல்கிற அதே 'யோசனை கூடிப்போச்சு'தான்! 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர், ஹராரே நகரத்துப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். கேட்பது, பிரச்சினையைப் பிரிப்பது, ஒன்றை எடுத்து வழி தேடுவது, இவ்வளவுதான். ஆறு மாசத்தில் நோயின் வேகம் நன்றாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கோவாவிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் பெறாத ஆட்களே பயிற்சி பெற்று, ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள். அங்கே நடப்பது நம் வேப்பமரத்தடியில் நடக்காதா?

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். நிறுவனம் செய்த கொடுமையை 'மாணவனின் மனபலவீனம்' என்று மூடப் பார்ப்பவனை விடக்கூடாது. ஆனால் இன்று விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? ஊர்வலத்துக்குக் கூப்பிட ஆளிருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்க ஆளிருக்கிறதா? 14416 என்ற இலவச அரசு எண் இருக்கிறது. எழுதி ஒட்டுங்கள். அதோடு நிற்கவும் வேண்டாம், அவன் கதவைத் தட்டுங்கள்.

கேட்போம். அரசு மாணவர் விடுதி ஒவ்வொன்றுக்கும் மனநல ஆலோசகர் வேண்டும். ஆலோசகர் படிப்பில் சாதி பாடமாக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் ஜி.எச்.சோடு நிற்காமல் சேரிக்குள் வரவேண்டும். வன்கொடுமை வழக்கில் நட்டஈட்டோடு மனசுக்கான சிகிச்சையும் வேண்டும். வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கதவு தட்டும் சத்தத்துக்கே நடுங்குகிற பிள்ளையை யார் பார்ப்பது?

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். 'இப்ப இதுவா முக்கியம்?' என்று ஒருவர் எழுந்து கேட்பார். ஆமாம் தோழர், இப்ப இதுவும்தான் முக்கியம்.